ஃபிலிமோனிக்குக் கிடைக்கக் கூடாத மாத்திரை

தன் பெண்டாட்டியின் காலில் இன்னொருத்தன் விழுவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் புருஷனாவது சும்மா உட்கார்ந்திருப்பானா? பெசமினோ உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் கட்டைவிரல் பழுத்த தக்காளியாக வீங்கிக் கிடந்தது. கௌட். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி, போய் உட்கார வேறு இடமே கிடைக்காத மாதிரி அந்த ஒரு மூட்டில் உட்கார்ந்துகொள்ளும் வியாதி. பக்கத்து நாற்காலிக்காரர் தும்மினால்கூட விரலில் வலித்தது.

மாங்கெரேயில் குடியேறிய சமோவாத் தீவுக்காரர்களின் கிறிஸ்தவ சபை. கோயில் கூரைக்குப் பணம் சேர்க்க ஒரு விழா. கடைசி ஆட்டம் எப்போதும் பெசமினோவின் மனைவி சினிவாவுடையதுதான். அந்த ஆட்டத்துக்குப் பெயரே சிவா. முதல் தடவை கேட்டபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அது என் பாடு. பெண் நடுவில் நின்று, கையை மெல்ல விரித்து, அலுங்காமல் நலுங்காமல் மகாராணிபோல ஆடுவாள். அவளைச் சுற்றி ஓர் ஆண் கூவ வேண்டும், குதிக்க வேண்டும், தரையில் உருள வேண்டும், கடைசியில் அவள் காலடியில் குப்புற விழ வேண்டும். அவன் எவ்வளவுக்கெவ்வளவு அசடாகத் தெரிகிறானோ அவ்வளவுக்கவ்வளவு அவள் அழகாகத் தெரிவாள். கல்யாணமானவர்களுக்கு இதற்கென்று தனிப் பயிற்சி தேவைப்படுவதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து பெசமினோதான் விழுந்துகொண்டிருந்தார். விழுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சபையே சொல்லும். சினிவா அவர் முதுகில் பாதத்தை வைத்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். வருஷம் பூராவும் பஸ் ஓட்டி, பயணிகளிடம் பேச்சு வாங்கி, வீட்டிலும் வாங்கி, அந்தச் சிரிப்புக்காகத்தான் மனுஷன் காலம் தள்ளினார்.

அன்றைக்கு விழுந்தவன் ஃபிலிமோனி. சபையின் பாட்டுக்குழுவை நடத்துகிறவன். மனைவியை இழந்தவன். வயதில் பெசமினோவுக்குக் கொஞ்சம்தான் இளையவன், ஆனால் தலையில் பளபளவென்று எண்ணெய், காதில் பூ, இடுப்பில் இஸ்திரி போட்ட வேட்டி. தவளை தோற்றது, அப்படித் துள்ளினான். விழுந்தான். சினிவா அவன் முதுகில் கால் வைத்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு தனக்கு வருவதைவிடக் கொஞ்சம் நீளம் என்று பெசமினோவுக்குப் பட்டது. வயிறு எரிந்தது. விரலும் எரிந்தது. எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பும்போது சினிவாதான் காரை ஓட்டினாள்.

"கொஞ்சம் ஓவராத்தான் குதிச்சான்," என்றார் பெசமினோ.

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"ஃபிலிமோனியா? பாவம், நீங்க எந்திரிக்கலயேன்னு ஓடி வந்தாரு. அத்தனை பேர் முன்னாடி என்னைத் தனியா ஆட விட்டா நல்லாவா இருக்கும்?"

"வந்தது சரி. விழுந்தது சரி. எந்திரிக்க எதுக்கு அவ்வளவு நேரம்?"

"அவர் முதுகுல என் கால் இருந்துச்சுல்ல."

"அதத்தான் நானும் கேக்கறேன்."

சினிவா சிக்னலில் நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்திரைய ஒழுங்காப் போட்டிருந்தா அது உங்க முதுகுல இருந்திருக்கும். வருஷக் கடைசில என் அக்கா பொண்ணு கல்யாணம் வருது. அன்னைக்கும் நாந்தான் ஆடணும். யார் விழறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

மாத்திரை சமாச்சாரம் பழைய சண்டை. டாக்டர் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதித் தந்திருந்தார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் போட வேண்டும், ஆயுசுக்கும். பெசமினோவும் கொஞ்ச நாள் போட்டார். அதுவரை சாதுவாக இருந்த விரல் திடீரென்று வீங்கிவிட்டது. ஆரம்பத்தில் இப்படி வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாள். அவள் சொன்ன நேரத்தில் இவர் சுவரிலிருந்த டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்த விரலை மருந்து கெடுத்துருச்சு," என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார். அதிலிருந்து வலி வந்தால் வலி மாத்திரை. அது தீர்ந்தால் சபையில் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்வார். வலி போனால் தேங்காய்ப்பால் விட்ட கீரையும் டின் மாட்டிறைச்சியும் வயிறு முட்ட. வலிக்காத காலுக்கு மருந்து தின்கிறவன் மடையன் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருத்தர்தான் உறுப்பினர்.

அந்த வாரம் பாட்டுப் பயிற்சி முடிகிற நேரத்துக்கு சினிவாவை அழைத்துப் போக நொண்டிக்கொண்டே வந்தார். சபை வாசலில் கண்ட காட்சியில் நொண்டுவதே மறந்துபோனது. சினிவா கைப்பையைத் திறந்து, சின்னதாக, வெள்ளையாக, உருண்டையாக எதையோ எடுத்து ஃபிலிமோனியின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து நன்றி சொன்னான். நெஞ்சில் கை வைக்க வேண்டிய அவசியம் என்ன?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரைப் புட்டியை எடுத்துப் பார்த்தார். தொடாமல் வைத்திருந்த புட்டி பாதி காலி.

"என் மாத்திரை எங்கடி?"

"உங்க மாத்திரையா? நீங்கதான் போடறதே இல்லையே." அவள் கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள். "ஃபிலிமோனிக்குக் குடுத்தேன்."

"அவனுக்கு எதுக்கு?"

"அவருக்கும் உங்க வியாதிதானே. தெரியாதா? அவர் தினம் ஒண்ணு தவறாமப் போடறாரு. பின்ன அந்தக் குதி எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க?"

"அவன் மாத்திரைய அவன் வாங்கிக்கட்டுமே."

"தீந்துபோச்சாம். கேட்டாரு. கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்ற வழக்கம் எங்க வீட்ல கெடையாது. உங்க வீட்ல உண்டா?"

இங்கேதான் பெசமினோ மாட்டிக்கொண்டார். அந்த ஜனங்களிடம் ஒருத்தர் ஒன்றைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பாயைக் கேட்டால் பாய், காரைக் கேட்டால் கார். போட்டிருக்கிற சட்டையை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இதில் சபையில் பாதிப் பேரிடம் வலி மாத்திரை வாங்கித் தின்றவர் இவர். இவர் போய் ஒரு மாத்திரைக்குக் கணக்குப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்துக்கு வேறு விஷயம் தேட வேண்டியிருக்காது.

அவர் ராத்திரி பூரா புரண்டார். தன் மாத்திரை. தன் பெண்டாட்டியின் கை. தின்பவன் ஃபிலிமோனி. அதைத் தின்ற தெம்பில் அவன் தன் பெண்டாட்டியைச் சுற்றிக் குதிப்பான். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் நெஞ்சு வெடிக்க?

காலையில் பஸ்ஸை எடுக்கும்போது பளிச்சென்று வழி தெரிந்தது. கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் கேட்பார்கள்? சும்மா கிடப்பதைக் கேட்பார்கள். ஒருத்தன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதை எவனும் கேட்க மாட்டான். டாக்டர் நாளுக்கு ஒன்று என்றுதான் கொடுக்கிறார். அந்த ஒன்றைத் தானே விழுங்கிவிட்டால் கொடுக்க என்ன இருக்கிறது? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார், பயணிகள் கத்தினார்கள்.

மறுநாள் சினிவாவின் முன்னாலேயே மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்க. போயே போச்சு. இனிமே தினம் நானே போட்டுக்கறேன். எனக்கே சரியா இருக்கு, யாருக்கும் குடுக்க மிச்சமில்ல."

சினிவாவின் முகம் வாடிவிட்டது. "அடப்பாவமே. இப்ப அவர் என்ன பண்ணுவாரு?"

"நொண்டட்டும்," என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவருக்குக் காலை உணவு ருசித்தது.

ஆனால் விரலுக்கு இந்த அரசியல் எல்லாம் தெரியுமா? மறுபடி வீங்கியது. போர்வை பட்டாலே உயிர் போனது. சினிவா தலைகாணி ஒன்றைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, கரிசனமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விட்டுருங்களேன். உங்க உடம்புக்கு ஒத்துக்கல. எல்லா உடம்பும் ஒண்ணா? ஃபிலிமோனிக்குன்னா நல்லா ஒத்துக்குது."

"என்னடி ஒத்துக்குது? அவன் உடம்பு என்ன இரும்பா?"

"அதுக்கில்ல. அவர் வலியத் தாங்கறவரு."

பெசமினோ உடனே போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவராக மருத்துவமனைக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. நர்ஸ் முதலில் நம்பவில்லை, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள்.

"வீங்கிருச்சும்மா. ஆனா நிறுத்த மாட்டேன். என்ன பண்ணணும்னு சொல்லு."

"நிறுத்தவே கூடாது. மூட்டுல படிஞ்ச பழைய ஆசிட்டெல்லாம் கரையறப்ப இப்படித்தான் வரும். வலிக்குச் சேத்துப் போட இன்னொண்ணு தரச் சொல்றேன். அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாத்து டாக்டர் அளவை மெல்ல ஏத்துவாரு. சில மாசம் பொறுக்கணும். உங்களால முடியுமா?"

"அவனால முடியுதுன்னா என்னால முடியாதா?"

"எவனால?"

"நீ மருந்த மட்டும் குடும்மா."

ரத்தம் எடுத்தார்கள். அளவை ஏற்றினார்கள். இடையில் இன்னொரு தடவை வீங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். ஒவ்வொரு மாத்திரையையும் ஃபிலிமோனியின் வாயிலிருந்து பிடுங்குவதாக நினைத்து விழுங்கினார். அப்போது தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. ஊருக்கு ஒரு சாவுக்குப் போனபோது சட்டையை மறந்தார், மாத்திரையை மறக்கவில்லை. போகப் போக விரல் வெறும் விரலாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் பஸ் மட்டும் நின்றது, இவர் மூச்சு நிற்கவில்லை. ஃபிலிமோனி கோயிலில் எதிரே வந்து, "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டால், "எனக்கென்ன?" என்று அவன் காலையே உற்றுப் பார்ப்பார். வீங்கியிருக்கிறதா என்று. பயல் நன்றாகத்தான் நடந்தான். வேறு யாரிடமோ வாங்கித் தின்கிறான் போலிருக்கிறது என்று அதற்கும் பொருமினார்.

கல்யாண நாள் வந்தது. பன்றியும் மீனும் முடிந்து, பாட்டு எழும்பியது. சினிவா நடுவில் வந்து கையை விரித்தாள். அந்தப் பக்கம் ஃபிலிமோனி நாற்காலியிலிருந்து இடுப்பைத் தூக்குவது தெரிந்தது. அவ்வளவுதான். பெசமினோ இரண்டு மேஜைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு பாதிரியாரைத் தாண்டி, கூவிக்கொண்டு போய் நடுவில் நின்றார். குதித்தார். உருண்டார். குரங்குச் சேட்டை எல்லாம் செய்தார். கல்யாணப் பெண்ணே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் சினிவாவின் காலடியில் பொத்தென்று விழுந்தார். முதுகில் அவள் பாதம் வந்து உட்கார்ந்தது. கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. பாட்டு முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஜெயித்தவனுக்குத் தாராளம் தானாக வரும். ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற ஃபிலிமோனியின் தோளில் கை போட்டார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத தம்பி. மாத்திரை இல்லாம ரொம்பக் கஷ்டப்பட்டிருப்ப."

"எந்த மாத்திரைண்ணே?"

"கௌட்டுக்குத்தான். சினிவா குடுப்பாளே, பாட்டு முடிஞ்சதும்."

"எனக்கு ஏதுண்ணே கௌட்? அது பெப்பர்மின்ட். பாடிப் பாடித் தொண்டை கட்டுதுன்னு குழுவுல எல்லாருக்கும்தான் குடுக்கறாங்க. உங்களுக்குக் குடுக்கறதில்லையா?"

ஐஸ்கிரீம் வேண்டாமென்று வரிசையிலிருந்து விலகிவிட்டார் பெசமினோ.

 மறுநாள் காலை சினிவா மாத்திரையும் தண்ணீருமாக வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெப்பர்மின்ட்," என்றார்.

"ஆமா," என்றாள் சினிவா.

"புட்டி பாதி காலியா இருந்துச்சே?"

"நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"அப்ப இத்தனை மாசமா என்னை முட்டாளாக்கியிருக்க."

"ஆமா."

கொஞ்சமாவது மறுப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். "அப்படின்னா இனிமே இந்த மாத்திரையத் தொட மாட்டேன். ஃபிலிமோனி பேரச் சொல்லி இன்னொரு தடவ என்னை ஏமாத்த முடியாது. எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு."

சினிவா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாத்திரைக் கதை பொய்தாங்க. ஈஸ்டருக்கு என்னை ஆடச் சொல்லியிருக்காங்க, அது நெசம். அவருக்குக் கௌட் இல்லைங்கறதும் நெசம்."

பெசமினோ யோசித்துப் பார்த்தார். கௌட்டே இல்லாத ஃபிலிமோனி. மாத்திரையே தேவைப்படாமல், சும்மாவே, ஆயுசுக்கும் குதிக்கப்போகிற ஃபிலிமோனி.

"தண்ணி போதாது," என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."