ஒப்புதல் திலகமும் ஒற்றை அறையும்

ஆய்வாளர்களில் ஒப்புதல் திலகம் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். வீடியோ பேட்டியில் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தும்மினால்கூட, "இந்தத் தும்மலைப் பதிவு செஞ்சுக்கலாமா, உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பவர். பேட்டி கொடுத்தவரின் பெயரை மாற்றி, ஊரை மறைத்து, முகத்தை மங்கலாக்கி, கடைசியில் அவர் யாரென்று அவருக்கே தெரியாமல் பண்ணிவிடும் அளவுக்கு அறநெறியில் ஊறியவர். குற்றம் சொல்ல முடியாது. தங்கமான மனிதர்.

நம் திலகத்தின் ஆய்வு, வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் பெண்களுக்கு வீட்டுக்குள் ஓர் இடம் கிடைக்கிறதா என்பதைப் பற்றியது. வீடியோ பேட்டிக்கு அவர் போடும் திட்டம் இருக்கிறதே, ராக்கெட் விடுகிறவர்கள் வந்து பாடம் படிக்கலாம். முதல் நாளே ஒத்திகை. முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா, பின்னாலிருக்கும் அலமாரியில் கனமான புத்தகங்களுக்கு நடுவே சமையல் குறிப்பு எதுவும் எட்டிப் பார்க்கிறதா, கரண்ட் போனால் என்ன செய்வது, பேசுகிறவர் கண்கலங்கினால் எவ்வளவு நேரம் மௌனம் காப்பது, எல்லாம் தயார். பேட்டி நாளில் வீட்டில் ஊரடங்கு. குக்கர் விசிலடிக்கக் கூடாது. மகள் ஓடக் கூடாது. கூடத்தில் இருக்கும் மாமனாருக்கு இருமல் வந்தால் தலையணைக்குள் இரும வேண்டும். மருமகனாயிற்றே, அவரும் மறுபேச்சில்லாமல் தலையணையை மடியிலேயே வைத்துக்கொள்வார். இதற்கெல்லாம் யாரிடம் ஒப்புதல் வாங்கினார் என்கிறீர்களா? நல்ல கேள்விதான். ஆய்வுக்கு அனுமதி கொடுத்த அறநெறிக் குழு அதைக் கேட்கவில்லையே.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைஃபை. வேறு யாருடைய போனும் லைனைக் குடித்துவிடக் கூடாதென்று, பேட்டி நாள் காலையில் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். பேட்டி முடிந்தபின் பெரிய மனது பண்ணிப் புதியதைச் சொல்வார்.

அன்றைக்கும் அப்படித்தான் மாற்றினார். பதினொரு மணிக்கு அவருக்குப் பேட்டி. அதே பதினொரு மணிக்கு அவர் மனைவிக்கு ஓர் ஆன்லைன் இன்டர்வியூ. மகள் பிறந்தபோது வேலையை விட்டவள், திரும்பச் சேர ஆறு வருஷமாகத் தட்டாத கதவில்லை. இப்போதுதான் ஒரு கம்பெனி கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டிருந்தது. ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திலகமும் கேள்வித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு வாரமாக "ம்ம்" கொட்டிக்கொண்டிருந்தார். கதவு சாத்தும்படியான அறை அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அதில் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திரையில் வந்தது, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் போன்களுக்குப் பதில் சொல்லும் ஒரு பெண். திலகம் குரலில் தேன் தடவி ஆரம்பித்தார். "நீங்க எப்ப வேணாலும் பேட்டியிலேர்ந்து விலகிக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல. சரி, எங்க உக்காந்து வேலை பாக்கறீங்க?"

"பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஸ்டூல் சார். வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். என்னை யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

திலகத்துக்குப் புல்லரித்துவிட்டது. "என்னை யாரும் கேக்கல!" கட்டுரைக்குத் தலைப்பே கிடைத்துவிட்டதே. ஆனந்தமாகக் குறித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டுக்குப் போடும் பைஜாமா, கையில் லேப்டாப், மனைவி நின்றாள்.

"ஏங்க, பாஸ்வேர்டு என்ன?"

"ரெக்கார்டிங் ஓடுது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"ஓடட்டும். போன்ல சிக்னல் ஒரு கோடுதான் வருது. அவங்க கேக்கற கேள்வி பாதிதான் காதுல விழுது. புதுசு என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"அரை மணி நேரம் பொறுத்துக்கோயேன்."

"ஆறு வருஷம் பொறுத்தாச்சு," என்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. பேட்டி கொடுப்பவர் கண்கலங்கினால் என்ன செய்வதென்று திலகத்துக்குத் தலைகீழ்ப் பாடம். மனைவி கண்கலங்கினால் என்ன செய்வது? அதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. பேந்தப் பேந்த விழித்தார்.

"சார்," என்றது திரை. "எப்ப வேணாலும் விலகிக்கலாம்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாம்மா, ஆனா..."

"விலகிக்கறேன். காரணம் வேண்டாம்னீங்க, இருந்தாலும் சொல்லிடறேன். அந்த ரூமை அவங்களுக்குக் குடுங்க சார்."

திரை இருண்டது. திலகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சொன்னேனே, தங்கமான மனிதர். எழுந்து நாற்காலியைக் கொடுத்தார், பாஸ்வேர்டையும் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தார். அவள் அவருடைய கனமான புத்தகங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க," என்று கதவைச் சாத்தச் சொன்னாள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தும் விட்டது. அவருடைய ஆய்வறிக்கையில் மட்டும், "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஒரு பேட்டி தடைப்பட்டது" என்று இருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாரல்லவா, அப்போது பார்த்துத் திலகத்துக்கு ஓர் இருமல் கிளம்பியது. மாமனார் மடியிலிருந்த தலையணையை எடுத்து நீட்டினார்.

நீங்கள் அந்த ரகமில்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? கதவு சாத்தியிருக்கிறதோ? நல்ல அமைதியாகவும் இருக்குமே? எதற்கும் ஒரு தடவை எழுந்துபோய், அந்தப் பக்கம் யாராவது தலையணைக்குள் இருமிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.