சொட்டு சாரும் செல்லாயியின் எருதும்

நாமக்கல் வட்டாரத்தில் காலோ செதிலோ உள்ள எந்தப் பிராணியும் சொட்டு சாருக்கு ரத்தம் கொடுக்காமல் தப்பியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு சின்னக் கால்நடை ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. அவர் மைக்ராஸ்கோப் பார்ப்பவர். சேலத்துக் கிறிஸ்தவர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை.

ஆட்டின் காதில் ஊசி குத்துமுன், "ஒரே ஒரு சொட்டு, கோவிச்சுக்காதே" என்று அதனிடம் அனுமதி கேட்பார். அது தலையை ஆட்டும்வரை காத்திருப்பார். பிறகு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளைத் தேடுவார்.

மகனின் ஞானஸ்நான விருந்துக்கு ஜேடர்பாளையத்தில் மீன் வாங்கியவர், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து செவுளை நறுக்கி லென்சுக்கு அடியில் வைத்தார். பந்தியில் நாங்கள் முதல் கவளத்தை எடுத்தபோது, அதில் என்னென்ன நெளிந்தன என்று விவரித்தார். "வெந்தா செத்துரும், பயப்படாம சாப்பிடுங்க" என்று தைரியமும் சொன்னார். அன்று ரசம் மட்டும் போதவில்லை. அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒரு நாள் காலை, பரமத்திப் பக்கத்திலிருந்து செல்லாயி என்ற விவசாயப் பெண் தன் எருதை ஓட்டி வந்தார். அது நின்ற இடத்திலேயே சுற்றியது. சுவரில் தலையை வைத்து முட்டியது. வெறிநோயாக இருக்கலாம் என்று பயந்த டாக்டர், சாயங்காலம் சுட்டுவிட ஏட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

"சோடி எருதுங்க சாமி. இதப் போயிச் சுடறதுங்களா?" என்று செல்லாயி சொட்டு சாரிடம் அழுதார்.

"தண்ணி குடிக்குதாம்மா?"

"குடிக்குதுங்க."

வெறிநோய் என்றால் தண்ணீர் தொண்டையில் இறங்காது. அவர் ஊசியை எடுத்தார். முதல் சொட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. "கிட்டப் போகாதீங்க" என்று டாக்டர் கத்தினார்.

"காய்ச்சல் ஏறட்டும் டாக்டர். அப்பதான் பூச்சி ரத்தத்துல தலைகாட்டும்."

சாப்பிடக்கூடப் போகாமல் எருதின் பக்கத்திலேயே நின்றார். நாலு மணிக்குக் காய்ச்சல் ஏறியது. ஏட்டு துப்பாக்கியோடு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, சார் ஐந்தாவது சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வந்து பாருங்க."

டாக்டர் பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன். ரத்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, குட்டி விலாங்கு மாதிரி ஒன்று நெளிந்தது. மாட்டு ஈ கடித்து வரும் சர்ரா நோய். டாக்டர் ஏட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாமே மருந்தை ஏற்றினார்.

நாலாம் நாள் எருது நேராக நடந்தது. "போயிட்டு வாரேனுங்க சாமி. உங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியலீங்க" என்றார் செல்லாயி.

"ஒரு சொட்டு குடுத்துட்டுப் போம்மா. பூச்சி போயிருச்சான்னு பாக்கணும்."

இரண்டு வருஷம் கழித்து, அவரை ஆத்தூருக்கு மாற்றி உத்தரவு வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. அதை யாருக்கும் காட்டாமல் ஒன்பது நாள் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருக்கலாம்.