ஆலைக்காரன் மனைவியின் வாய்

வென்ஸ்லிடேல், இங்கிலாந்து, 1656, அறுவடை முடிந்த வாரம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணா கில்பர்ட் அவர்களுக்கு, தம்பி ஹம்ப்ரி தொப்பியைக் கழற்றி, தலை தாழ்த்தி எழுதுவது. இங்கு நானும் மாவு ஆலையும் கழுதையும் நலம். டார்கஸும் உடம்பளவில் நலம்தான், வாய்தான் சரியில்லை.

நெசவாளி வீட்டில் கூடுகிற, ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொள்ளும் புது மதக்காரர்களின் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து என் மனைவி உலகத்தில் ஒருவரையும் ‘நீங்கள்’ என்று சொல்வதில்லை. பாதிரியாரைப் பார்த்து “உனக்கு இருமல் எப்படி இருக்கு?” என்று கேட்டாள், குடித்துக்கொண்டிருந்த பீர் அவருக்குப் புரையேறிவிட்டது, ஊர்க்காவலரையும் அப்படியே கேட்டாள், அவர் சந்தைத் திடலில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவிடுவேன் என்று கத்திவிட்டுப் போனார், அரைக்க வருகிறவர்களும் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஏன்டி இப்படி என்றால், “எதிர்ல நிக்கிறது ஒருத்தர்தானே? ஒத்த ஆளைப் பாத்து நீங்கன்னா அது முகஸ்துதி. சாமியையே நீன்னுதானே கூப்பிடறோம்?” என்கிறாள். சாமி ஆலையைப் பிடுங்க மாட்டார், பண்ணையார் பிடுங்குவாரே! முந்தாநாள் என்னையே “ஹம்ப்ரி, நீ சாப்டியா?” என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது என்பதை அண்ணியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆலை பண்ணையார் சர் மார்மடியூக்குடையது. அடுத்த வருஷமும் நாங்களே நடத்தலாமா என்று முடிவு சொல்ல இன்று நேரில் வருகிறார். காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதோ குதிரைச் சத்தம். இல்லை, நம் கழுதைதான். இன்று ஒரு பொழுது வாயைத் திறக்காதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “உனக்காக” என்றாள். ஆனாலும் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். தங்கள் வீட்டுக் கணப்பு என்றும் அணையாதிருக்கக் கடவுள் அருள்வாராக.

தங்கள் செருப்பு வாரை அவிழ்க்கவும் தகுதியில்லாத,
ஹம்ப்ரி

பி.கு.: பண்ணையார் வந்துவிட்டுப் போய்விட்டார். டார்கஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், வாயே திறக்கவில்லை. அவரோ குதிரையை விட்டு இறங்காமல், சாட்டை நுனியால் அவள் முகவாயைத் தூக்கி, “ஊரையே ‘நீ’ங்கிற வாய் இதுதானா? எங்கே, ஐயா நீங்க நல்லா இருக்கணும்னு சொல்லு பாப்போம்” என்றார். அவள் கண் கலங்கி என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. “சாட்டையை எடு. அவளைத் தொட்டா நீ மனுசனே இல்ல.” சொன்னது என் வாய்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

ஆலை போயிற்று. கடிதம் இன்றைய வண்டியில் வருகிறது, நாளை நாங்கள் இருவரும் கழுதையோடு உன் வீட்டுக்கு வருகிறோம். புத்தி சொல்ல நீ இங்கே வர வேண்டாம், அங்கேயே இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டு. கோபம் வந்தாலும் கதவை மட்டும் திற. எவ்வளவு பெரிய மனுஷனானாலும் நீ ஒருத்தன்தானே, அண்ணா.