ராகுகாலத்திலை தொடங்காத காப்புறுதி

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. புதுசா வாங்கின பழைய காருக்குக் காப்புறுதி எடுக்கவேணும். அவ்வளவுதான்.

கார் வியாழன் பின்னேரமே எங்கடை புருசெத் வீட்டடிக்கு வந்திட்டுது. வித்தவர் பியோர்ண்டாலிலை இருக்கிற சிவநேசன். ஆள் தானே ஓட்டிக்கொண்டு வந்து, வாசலுக்கு முன்னாலை இருக்கிற சரிவிலை நிப்பாட்டிப்போட்டு, சாவியை என்ரை கையிலை தந்தவர். குளிர்கால டயரையும் சேத்துத் தாங்கோ எண்டு கேட்டன். ஏலாது எண்டிட்டார். "இனி உங்களோடை எங்களுக்கு ஒரு கதையும் இல்லை" எண்டு சொல்லி அனுப்பிவிட்டனான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைச்சிருங்கோ.

வெள்ளிக்கிழமை காலமை பத்து இருபதுக்குக் காப்புறுதிக் கொம்பனிக்கு அடிச்சன். இஞ்சை நோர்வேயிலை அண்டைக்கு ராகுகாலம் பதினொண்டுக்குத் தொடங்குது. அதுக்கு முதல் முடிச்சிடலாம்!

"நீங்கள் வரிசையில் பதினாறாவது ஆள்" எண்டு ஒரு குரல் சொல்லிச்சுது. பிறகு பாட்டு.

பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது... நான் போனைப் பாக்கிறன், மணிக்கூட்டைப் பாக்கிறன், சாமிப் படத்தைப் பாக்கிறன். ஒரு பிள்ளை "ஹலோ" எண்டு எடுக்கேக்கை மணி பதினொண்டு மூண்டு!

ஊரிலை எண்டால் ராகுகாலம் ஒண்டரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். இஞ்சை கோடையிலை பகல் நீளம், அதாலை ராகுகாலமும் நீளம். கோயில் கலண்டரின்படி ஒண்டேகால் மட்டும் இருக்கு.

அந்தப் பிள்ளை எல்லா விபரமும் கேட்டுப்போட்டு, "சரி, இப்பவே தொடங்கி விடுறன்" எண்டுது.

"ஐயோ, வேண்டாம்!"

"ஏன்?"

நான் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடை விட்டனான். ராகுவைப்பற்றி நோர்வேஜிய மொழியிலை எனக்கு ஆர் படிப்பிச்சது? தெரிஞ்ச சொல்லுகளை வைச்சுச் சொன்னன். "ஒரு பெரிய பாம்பு இருக்கு. அது சூரியனைச் சாப்பிடும். இப்ப அதின்ரை நேரம். ஒண்டரைக்குத் தொடங்குங்கோ."

அந்தப் பிள்ளை ஒண்டரை எண்டு பதிஞ்சுகொண்டு சொல்லிச்சுது.

"அதுவரைக்கும் உங்கடை காப்புறுதி நடைமுறையிலை இல்லை. காரைத் தொடக்கூடாது. விளங்குதோ? இந்த உரையாடல் பதிவாகுது."

"நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டம்!"

இவ்வளவும் பதிவாகியிருக்கு. பாம்பும் சேத்து.

பன்னிரண்டு மணிக்கு வெளியிலை ஒரே ஹோன் சத்தம். எட்டிப் பாத்தால் குப்பை லொறி. எங்கடை கார் குப்பைத் தொட்டியை மறிச்சுக்கொண்டு நிக்குது. சாரதி கையைக் காட்டுறான். என்ரை மனுசன் அண்டைக்கு லீவு. "சாவியைத் தாரும், ஒரு நிமிச வேலை" எண்டார்.

"ராகுகாலத்திலை ஸ்டார்ட் பண்ணப்போறியளோ? காப்புறுதியும் இல்லை!"

"அப்ப லொறிக்காரனுக்கும் பாம்புக் கதை சொல்லுமன்."

அப்பதான் எனக்கு அந்த யோசினை வந்தது. "இஞ்சேருங்கோ, என்ஜின் போட்டால்தானே பயணம்? தள்ளினால் பயணமில்லை. மூண்டு மீற்றர் தள்ளுவம்."

அவர் என்னை ஒருமாதிரிப் பாத்திட்டு ஏறி இருந்தார். பின்னேரம் காருக்குச் செய்யிற பூசைக்கு மறந்திடுவன் எண்ட பயத்திலை, நாலு சில்லுக்குக் கீழையும் நான் காலமையே தேசிக்காய் வைச்சிருந்தனான். ஹான்ட் பிரேக்கை எடுத்தார். நானும் லொறிக்காரனும் பின்னாலை நிண்டு தள்ளினம்.

மூண்டு மீற்றர் நாங்கள் தள்ளினம். நாலாவது மீற்றரிலையிருந்து கார் தானாய்ப் போச்சுது.

"திருப்புங்கோ!" எண்டு கத்தினன்.

"திரும்புதில்லை!"

"பிரேக்கைப் பிடியுங்கோ!"

"கல்லு மாதிரி இருக்கு! சாவி எங்கை?"

சாவி என்ரை கையிலை. அவர் மறதியிலை ஸ்டார்ட் பண்ணிப்போடுவார் எண்டு நான்தான் குடுக்கேல்லை! சாவி போடாமல் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், என்ஜின் ஓடாமல் பிரேக் இறுகும் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை. ஹான்ட் பிரேக் அந்த அவதியிலை ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரேல்லை. நாலு தேசிக்காயும் ராகுகாலத்திலையே நசிஞ்சுது.

கார் ஓடேல்லை, உருண்டது. கலியாண வீட்டுக்கு வாற மாப்பிள்ளை மாதிரி மெதுவாய்ப் போய், கிறேத்தவின்ரை சைக்கிளிலை முட்டிச்சுது.

கிறேத்த கீழ்வீட்டுக்காரி. எழுபது வயசு. இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தூரம் நடக்கமாட்டா. முன்னுக்குப் பெட்டி வைச்ச மின்சாரச் சைக்கிள்தான் அவவுக்குக் கால். அந்தப் பெட்டிக்குள்ளை நாயை இருத்திக்கொண்டு கடைக்குப் போவா, வைத்தியரிட்டைப் போவா. இப்ப பெட்டி ரெண்டாய்ப் பிளந்து கிடக்கு. முன் சில்லு வளைஞ்சுபோச்சு.

கிறேத்த வெளியிலை வந்தா. கத்தேல்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். மணிக்கூட்டைப் பாத்து, ஒரு துண்டிலை "பன்னிரண்டு எட்டு" எண்டு எழுதினா. பிறகு கேட்டா, "திங்கக்கிழமை வைத்தியரிட்டை நான் எப்பிடிப் போறது?"

நான் குனிஞ்சு பெட்டியின்ரை துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினன்.

உள்ளுக்கு வந்தோடனை மனுசன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டே முக்காலுக்கு நடந்தது எண்டு சொல்லுவமே? அப்ப காப்புறுதி இருக்கும்."

பொய் சொல்லப்படாது எண்டு வீரமாய்ச் சொன்னன் எண்டு எழுத ஆசைதான். ஆனால் நான் கேட்டது, "லொறிக்காரன் என்ன சொல்லுவான்?" எண்டுதான். பிறகுதான் கிறேத்தவின்ரை துண்டு ஞாபகம் வந்தது. அதுக்கும் பிறகு, அவவின்ரை இடுப்பு. என்ரை வாயாலை வந்த வினைக்கு அவவின்ரை எழுத்தைப் பொய்யாக்கிறதோ? ஏலாது எண்டிட்டன்.

திரும்ப அடிச்சன். வரிசையிலை இருபத்திரண்டாவது ஆள். காப்புறுதி இல்லாத காராலை சேதம் செய்தால் மறியலிலை போடுவினமோ, விசாவைப் பறிப்பினமோ எண்டு யோசிச்சுக்கொண்டே நிண்டன். நான் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து இருபது வருசம் எண்டதுகூட அந்த நேரம் ஞாபகம் வரேல்லை.

எடுத்தது அதே பிள்ளை!

"பாம்பு போயிட்டுதோ?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டுது.

"இல்லைப் பிள்ளை. பாம்பு இருக்கேக்கையே கார் போயிட்டுது."

எல்லாத்தையும் சொன்னன். தள்ளினது, தேசிக்காய், சாவி, பன்னிரண்டு எட்டு. அந்தப் பிள்ளை தட்டச்சுச் செய்யிற சத்தம் கேக்குது. இடைக்கிடை நிக்குது. சிரிப்பை அடக்குது எண்டு விளங்குது.

"உண்மையைச் சொன்னது நல்லது. நேரத்தை மாத்திச் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கிடைக்கவேண்டியதும் கிடைக்காமல் போயிருக்கும்" எண்டுது. பக்கத்திலை காதை வைச்சுக் கேட்டுக்கொண்டு நிண்ட மனுசன் சுவரைப் பாத்தார்.

"அப்ப எங்கடை கதி?"

"எங்கடை காப்புறுதி அந்த நேரம் தொடங்கேல்லை. ஆனால் கார் கைமாறினால், புதுக் காப்புறுதி தொடங்குமட்டும், பழைய சொந்தக்காரரின்ரை காப்புறுதி பதினாலு நாள்வரை நிக்கும். அது சட்டம். சைக்கிள் திருத்துறதை அந்தக் கொம்பனி பாக்கும். பழைய சொந்தக்காரரோடை கதையுங்கோ."

எனக்குச் சந்தோசத்திலை அழுகை வந்தது. உடனேயே நிண்டுபோச்சு. பழைய சொந்தக்காரர் ஆர்?

சிவநேசன்!

அஞ்சு நிமிசம் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தன். பிறகு தேன் மாதிரிக் குரலை வைச்சுக்கொண்டு அடிச்சன். "தம்பி, சுகமோ?"

"என்னக்கா, ஒரு கதையும் இல்லை எண்டியள். ஒரு நாள்கூட முடியேல்லை!"

விசயத்தைச் சொன்னன். சிவநேசன் விழுந்து விழுந்து சிரிச்சார். காப்புறுதி விபரத்தை உடனையே அனுப்பினார், குறை சொல்லப்படாது. ஆனால் வைக்க முதல் ஒண்டு சொன்னார். "நான் விக்கேக்கை நேரம் பாத்துத்தான் வித்தனான் அக்கா."

அந்தக் கொம்பனி பொறுப்பெடுத்து, சைக்கிளைத் திருத்தக் குடுத்தாச்சு. திங்கக்கிழமை கிறேத்தவையும் நாயையும் நாங்கள்தான் வைத்தியரிட்டைக் கூட்டிக்கொண்டு போனம். அண்டைக்குக் காலமை ஆறரை தொடக்கம் எட்டே முக்கால் மட்டும் ராகுகாலம். அவவுக்கு எட்டே காலுக்கு நேரம் குடுத்திருக்கினம். ராகுவைப்பற்றி நான் வாயே திறக்கேல்லை, என்ஜினைப் போடச் சொன்னன். நாய் என்ரை மடியிலை இருந்து முழு வழியும் என்னை நம்பாமலே பாத்துக்கொண்டு வந்தது.

இப்ப கட்டிட வாசலிலை ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கு. கிறேத்தவின்ரை கையெழுத்து. "சரிவில் கார் தள்ளுவது தடை. எந்த நேரத்திலும்."

நான் படிச்ச பாடம் ஒண்டுதான்: கார் வாங்கினால் நல்ல நேரம் பாருங்கோ, ஆனால் அதுக்கு முதல் மட்டமான நிலம் பாருங்கோ.