தூக்கிப் பார்த்து வாங்கியது

கம்ப்யூட்டர் திரையில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம் பாதி திரும்பியது. வாசல் தெரிந்தது, படிக்கட்டு தெரிந்தது, கூரை தெரியப் போகிற நேரத்தில் படக்கென்று எல்லாம் இருட்டாகிவிட்டது.

"மறுபடியும் போச்சு," என்று மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாமனார் பக்கத்தில் அசையாமல் நின்றார். அசைந்தால் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். அசையாமலே வந்துவிட்டது.

"மாமா, நான் சொன்ன பவர் சப்ளையைத்தானே வாங்கிட்டு வந்தீங்க?"

"அதைவிட நல்லதா வாங்கினேன்."

"எப்படி நல்லது?"

"கனம் ஜாஸ்தி."

மாமனார் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். தராசைத் தவிர எதையும் நம்பியதில்லை. தராசைக்கூடத் தானே ஒருதரம் ஏறி நின்று சோதித்த பிறகுதான் நம்புவார். சாமான் சாமானாக வாங்கி மாப்பிள்ளை சொந்தமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் இது. உள்ளே இருப்பதற்கெல்லாம் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை என்ற தகரப் பெட்டியை மட்டும் நான் வாங்கி வருகிறேன் என்று மாமனார் போனார்.

கடைக்காரன் மாப்பிள்ளை சொன்னதைத்தான் எடுத்து நீட்டினான். தூக்கிப் பார்த்தார். சோப்பு டப்பா மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்ததைத் தூக்கினார். கை கீழே இறங்கியது. இரண்டு லேபிளிலும் அதே எழுநூறு வாட்.

"லேபிள்ல என் பேரைக்கூட அச்சடிக்கலாம். கனத்தை அச்சடிக்க முடியுமாய்யா?"

"நீங்க விவரமானவர் ஐயா," என்றான் கடைக்காரன்.

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். வியாபாரி ஒருவன் நம்மை விவரமானவன் என்று சொன்னால், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. மாமனாரோ உச்சி குளிர்ந்து போனார்.

மகள் அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அப்பா, இருந்த வேலையை விட்டுட்டு வீட்டுலயே கட்டட பிளான் போட உக்காந்திருக்கார். முதல் பார்ட்டி மதியம் வருது. கட்டடத்தைச் சுத்திக் காட்டினாத்தான் கையெழுத்து போடுவாராம். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவாராம். நீங்க என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?"

"நான் என்னடி பண்ணினேன்? சுவத்துல வர்ற கரண்ட் சரியில்ல."

சொல்லிவிட்டால் நிரூபிக்க வேண்டுமே. சமையலறை பிளக்கிலிருந்து ஒரு பழைய ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். டப் என்றது. வீடு முழுக்க மின்விசிறி நின்றது.

"ஃபியூஸையும் காலி பண்ணிட்டீங்களா?" மகளின் குரல் மேலே போனது.

"தலைமுடி மாதிரி கம்பி போட்டா போகாம என்ன செய்யும்?" என்று மாமனார் ஸ்டூல் மேல் ஏறினார். ஃபியூஸில் விரல் தடிமனுக்கு ஒரு கம்பியை முறுக்கினார். கரண்ட் வந்தது. கட்டடம் மறுபடி பாதி திரும்பி, மறுபடி இருண்டது.

"மாமா, இது பவர் சப்ளைதான். படம் சுத்தும்போது அதை வரையற கார்டு நிறைய கரண்ட் கேக்குது, இதால கொடுக்க முடியல. நானே கடைக்குப் போறேன்."

"நீங்க போனா பார்ட்டி வந்தா யார் பேசறது? நானா? இருங்க, வேற ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

"நான் சொன்ன மாடல், மாமா. கனத்தைப் பாக்காதீங்க."

"சரி, சரி."

போனார். கடைக்காரன் சரியான மாடலைத்தான் முதலில் வைத்தான். மாமனார் தூக்கிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. பழையதே இதைவிடக் கனம், அதற்கே இந்தக் கதி என்றால், இந்தச் சோப்பு டப்பா எந்த மூலைக்கு?

"இருக்கறதுலயே கனமானதை எடுய்யா."

"இதுக்கு மேல கனம் வேணும்னா பாறாங்கல்லுதான் ஐயா," என்று சொல்லி இன்னொன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான்.

மாப்பிள்ளை அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். சண்டை போட நேரமில்லை. மாட்டினார். கட்டடம் திரும்பியது. வாசல், படிக்கட்டு. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கூரை! கூரையே தெரிந்துவிட்டது!

"நான் என்ன சொன்னேன்?" என்றார் மாமனார்.

அதற்குள் வாசனை வந்தது. பின்னாலேயே புகை வந்தது. தடிக்கம்பி போட்ட ஃபியூஸ் மட்டும் ஜம்மென்று நின்றது. மாப்பிள்ளை பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பழைய பெட்டியை மாட்டிப் பார்த்தார். இப்போது பாதி கட்டடமும் இல்லை, ஒரு செங்கல்கூட வரவில்லை.

வாசல் மணி அடித்தது.

கட்டடம் கட்டப் போகிற முதலாளி உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, கையில் தோல் பை. மூக்கைச் சுருக்கினார். "ஏதோ கருகுதே தம்பி?"

மாப்பிள்ளை கையால் புகையை விசிறினார். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில் இன்னொரு ஃபியூஸ் போயிருக்கும்.

மாமனார் முன்னால் வந்தார். "ஐயா, என் மாப்பிள்ளை மேல தப்பில்ல. பிளான் தங்கமான பிளான். இந்தப் பெட்டிதான் காலை வாரிடுச்சு. இதைச் செஞ்சவன் லட்சணத்தை நீங்களே பாருங்க."

ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "மாமா, வேண்டாம், விடுங்க," என்று மாப்பிள்ளை சொல்வதற்குள் மூடி கழன்றுவிட்டது. உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு சர்க்யூட். பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புக் கட்டி.

மாமனார் அதைப் பிய்த்தெடுத்துக் கையில் ஏந்தினார். அசல் வார்ப்பிரும்பு. ஆயுசு முழுக்க இரும்பு விற்றவர் தலையில் இரும்பையே கட்டியிருக்கிறார்கள். காது மடல் சிவந்தது.

"பாத்தீங்களா? இரும்புங்க! இவனெல்லாம் உருப்படுவானா?"

"எதைப் பாத்து இதை வாங்கினீங்க?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"தூக்கிப் பாத்தேன். கனமா இருந்துச்சு."

முதலாளி தலையை ஆட்டினார்.

"இதைச் செஞ்ச திருட்டுப் பயலைக் கம்பி எண்ண வைக்காம நான் ஓய மாட்டேன். நாளைக்கே புகார் கொடுக்கறேன். கண்ணால பாத்தீங்க, நீங்கதான் சாட்சி!"

முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்," என்று பையை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"நல்ல மனுஷன் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நமக்கு நடந்த அநியாயத்தைப் பாத்து அவருக்கு எப்படி வேர்த்துடுச்சு பாத்தீங்களா? கையெழுத்து நிச்சயம்."

மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

படியேறி வந்தது முதலாளி இல்லை, அவருடைய டிரைவர். "ஐயா பையை எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"ஏன்ப்பா, அவர் வரலையா?"

டிரைவர் பையை எடுத்துக்கொண்டு, மாமனார் கையிலிருந்த இரும்புக் கட்டியைப் பார்த்தான்.

"எப்படிப் பெரியவரே வருவாரு? எல்லாரும் உங்கள மாதிரியே தூக்கிப் பாத்து வாங்கறாங்க, இதை உக்காந்து ஒட்டறதுக்கு இடம் பத்தலைன்னுதானே எங்க முதலாளி அந்தப் புதுக் கட்டடமே கட்டறாரு!"