மூத்த மாப்பிள்ளைக்கு ஓர் ஆணி

தூண்டிலில் கட்டியிருந்த பொய் மீனுக்கு இரண்டு முள். ஒன்று ஜன்னல் திரையில் மாட்டிக்கொண்டதைப் பற்றிக் கமா பெரிதாகக் கவலைப்படவில்லை. இன்னொன்று அவருடைய சட்டைக் காலரில் மாட்டியிருந்ததுதான் பிரச்சினை. முன்னால் நகர்ந்தால் திரை கிழியும். பின்னால் நகர்ந்தால் சட்டை கிழியும். திரை மனைவி தைத்தது, சட்டை மனைவி வாங்கிக் கொடுத்தது. எது கிழிந்தால் திட்டு குறையும் என்று அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மனைவியே வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"வீசிப் பழகறேன்."

"ஹால்ல மீன் இருக்கா?"

"கையைப் பழக்கணும்னு தூண்டில் கடைக்காரர் சொன்னார்."

"அவர் சொன்னா மாடியில இருந்து குதிப்பீங்களா? அதுக்கும் தனியா ஒரு ராடு வச்சிருப்பாரே அந்த மனுஷன்!"

கத்தரிக்கோலைக் கொண்டுவந்து காலரில் அரை அங்குலத்தை வெட்டி அவரை விடுவித்தாள். திரை பிழைத்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்," என்றாள்.

மறந்தால்தானே!

கமா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே பிழை திருத்துகிறார். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் ஒரு கமா போடுவார். ஊரார் செய்த பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தான் செய்கிற பிழை மட்டும் தாராளமாகத் தப்பிவிடும். அப்படித் தப்பிய பெரிய பிழை, மாமனார் விஷயத்தில் நடந்தது.

மாமனார் பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் எதையும் நம்பித் தொட முடியாது. ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் கிளி மரம். மேஜைத் தட்டில் இருக்கும் பழம் மரம். கல்யாணமான புதிதில் அந்தத் தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்த கமா, முன்பல்லில் ஒரு மூலையைப் பறிகொடுத்தார். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு பழம் வந்தால் மாமனார் விட மாட்டார்.

"பயப்படாம கடிங்க மாப்பிள்ளை, இது கடையில வாங்கினது."

ஹாலின் நடுச்சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் உண்டு. அதில் இளவயது மாமனார், கையில் பாஸ் என்கிற ஏரி மீன் ஒன்றை, குழந்தை அளவு, ஏந்திக்கொண்டு நிற்பார். மனிதர்களை அளக்க அவரிடம் அந்த ஒரே அளவுகோல்தான்.

"மீன் பிடிக்கத் தெரியாதவனுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது மாப்பிள்ளை. அதுக்குப் பொறுமை வேணும், நேர்மை வேணும். மீனை ஏமாத்த முடியாது பாருங்க!"

பொய் மீனைக் காட்டித்தானே நிஜ மீனைப் பிடிக்கிறோம் என்று கேட்கக் கமாவுக்கு நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. ஒரு பல் போனது போதும்.

ஆறு மாதத்துக்கு முன் அந்தப் படத்துக்குக் கீழே இன்னொரு படம் ஏறியது. அதில் கமாவின் சகலை, அதாவது மச்சினியின் கணவர், டைல்ஸ் கடைக்காரர், அதே போஸில் ஒரு பெரிய பாஸ் மீனோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அன்று முதல் மாமனாருக்குப் பக்கத்தில் இருந்த மெத்தை வைத்த நாற்காலி சகலைக்குப் போயிற்று. மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டூல். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்.

அன்று வீடு திரும்பும்போது மனைவி அழுதுவிட்டாள்.

"உங்களை அந்த ஸ்டூல்ல பாக்கறப்ப எனக்கு வயிறு எரியுதுங்க. என் தங்கச்சி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, அப்பவே எழுந்து வந்திருக்கணும்."

"அந்தப் படத்தைச் சரியாப் பாத்தியா? மீனோட வால் நுனியில முக்கோணமா ஒரு துண்டு காணோம். குறையுள்ள மீன்," என்றார் கமா, தொழில் புத்தி விடாமல்.

"குறையோ நிறையோ, அது அவர் கையில இருக்கு. உங்க கையில என்ன இருக்கு?"

அதற்குப் பதிலாக ஏதாவது இருக்கட்டுமே என்றுதான் மறுநாள் தூண்டில் கடைக்குப் போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அங்கே போன எந்த நாளும் அப்படித் திரும்பவில்லை.

கடைக்காரர் முதலில் ராடை விற்கவில்லை, பயத்தை விற்றார்.

"எந்த ஏரி சார்? தண்ணி கலங்கலா, தெளிவா? பாசி உண்டா? காலையிலயா, சாயங்காலமா? மீன் பசியில இருக்கா, கோபத்துல இருக்கா?"

"மீனோட மனசு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அப்ப எல்லாத்துக்கும் ஒண்ணு வாங்கிக்கறதுதான் புத்திசாலித்தனம்."

மீடியம் என்று ஒரு ராடு கொடுத்தார். அதற்கு, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்க ஒரு ரீல். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே ஏழு சுற்று சுற்றுமாம். கமா ஏரிக்குப் போய் முதல் தடவை வீசியதும் ரீல் ஏழு சுற்றோடு நிற்கவில்லை. நரம்பெல்லாம் பொங்கி வெளியே வந்து குருவிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வரை உட்கார்ந்து சிக்கெடுத்தார். மீன் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்று மாமனார் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

"தப்பு ரீல் மேல இல்ல சார்," என்றார் கடைக்காரர். "ராடு மேல. உங்க கைக்கு மீடியம் பத்தாது. மீடியம் ஹெவிதான் சரி."

"நீங்கதானே மீடியம் சொன்னீங்க?"

"போன தடவை சொன்னது போன தடவைத் தண்ணிக்கு."

மீடியம் ஹெவி பலமான ராடுதான். அதை ஓங்கி வீசியதில் நரம்பு அறுந்து, பொய் மீன் மட்டும் தனியாகப் பறந்து அக்கரையில் விழுந்தது. அக்கரையில் ஒருவர் கத்துவது கேட்டது. கமா ராடைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று பார்த்துத்தான் மாமனார் போன் செய்தார்.

"தூண்டிலோட சுத்தறீங்கன்னு கேள்விப்பட்டேன் மாப்பிள்ளை! ஏதாவது மாட்டிச்சா?"

மனைவி பக்கத்தில் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இங்கேதான் அந்தப் பிழை நடந்தது.

"கரை வரைக்கும் வந்துடுச்சு மாமா. கடைசி நிமிஷத்துல நழுவிடுச்சு."

"பெரிசா?"

"சின்ன மாப்பிள்ளை பிடிச்சதைவிடக் கொஞ்சம்…"

"அடி சக்கை! அப்ப அது உங்க கைக்கு வந்தே தீரும். வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க. போட்டோவோட வாங்க. நடுச்சுவர்ல உங்களுக்கு ஆணி அடிச்சாச்சு."

மச்சினி அன்று சாயங்காலமே அந்த ஆணியைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். வெறும் ஆணி. கீழே, 'அத்தானுக்காகக் காத்திருக்கு' என்று எழுதியிருந்தாள். கமா அதில் பிழை தேடிப் பார்த்தார். இல்லை.

திரையில் மாட்டியதற்கு மறுநாள் மூன்றாவது தடவையாகக் கடைக்குப் போனார்.

"வீசறது சரியா வரலைன்னா என்ன சார்?" என்றார் கடைக்காரர் பெருந்தன்மையோடு. "மீனுக்குப் பிடிச்ச பொய் மீன் இருந்தா அதுவே தேடி வரும். வெயிலுக்கு வெள்ளி. மேகத்துக்கு ஊதா. கலங்கலுக்கு மஞ்சள். பாசிக்கு இந்த ரப்பர் தவளை."

"நீங்க எதுல பிடிப்பீங்க?"

"எனக்குக் கடையை விட்டு நகர நேரம் ஏது சார்?"

இந்த ஒரு வாக்கியத்தில் இருந்த பிழைதான் கமாவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒரு பெட்டி நிறைய வாங்கினார். அவற்றை வைக்கப் பதினாறு பை உள்ள மேல்சட்டை ஒன்றும், அதற்குப் பொருத்தமாக மீன் படம் போட்ட தொப்பியும் வாங்கினார்.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இத்தனை நிறத்தைக் காட்டினா மீன் குழம்பிப் போயிடாதா? நான் புடவைக் கடையில நிக்கற மாதிரி நின்னுட்டிருக்கும்."

பிறகு குரல் தாழ்ந்தது. "இங்க பாருங்க. நான் நேரா அப்பா வீட்டுக்குப் போயிடறேன். நீங்க ஏரியில இருந்து அங்க வந்துடுங்க. வெறுங்கையோட மட்டும் வந்துடாதீங்க. இன்னொரு தடவை அந்த ஸ்டூலைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போதே கமா ஏரிக்கரையில் இருந்தார். முதல் வீச்சில் தொப்பி தண்ணீருக்குப் போயிற்று. இரண்டாவது வீச்சு, வயசான படகுக்காரர் கொடியில் காயப்போட்டிருந்த பனியனைப் பிடித்தது. அன்றைக்குப் பிடித்ததே அது ஒன்றுதான். மூன்றாவது வீச்சில் மறுபடியும் குருவிக்கூடு. அதைப் பிரிக்கக் காலைப் பின்னால் வைத்தார். காலுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. வெள்ளி, ஊதா, மஞ்சள், ரப்பர் தவளை எல்லாம் சரிந்து தண்ணீரில் வரிசையாக மிதந்து போயின. ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மணி பதினொன்று. கமா படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

படகுக்காரர் பனியனிலிருந்து முள்ளைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யார் சார் உங்களை இப்படி விரட்டறது?"

"எங்க மாமனார். மரவேலை வாத்தியார்," என்றார் கமா. நாற்காலி, ஸ்டூல், ஆணி, மனைவி அழுதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மரவேலை வாத்தியாரா? நீங்க அவர் வீட்டுப் பெரிய மாப்பிள்ளையா? அடடே! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

எழுந்து கொட்டகைக்குள் போனவர், கோணித் துணியில் சுற்றிய ஒரு மூட்டையோடு வந்தார். பிரித்தார். உள்ளே ஒரு பாஸ் மீன். பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, குடம் கவிழ்ந்த மாதிரி வாய். படகுக்காரர் அதன் மேல் இரண்டு கை தண்ணீர் தெளித்ததும் இப்போதுதான் ஏரியிலிருந்து வந்தது போல் மின்னியது.

"போட்டோவுக்கு மட்டும்தான் சார். திருப்பிக் கொடுத்துடணும்."

கமா வாங்கிப் பார்த்தார். பிழை திருத்துகிறவரின் கண் நேராக வாலுக்குப் போனது. நுனியில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை.

"இது… இது எங்க சகலை…"

"அவரேதான். படம் எடுக்கறதுக்குள்ளயே கீழ போட்டு வாலை உடைச்சுட்டார் அந்த மனுஷன்."

கமாவுக்குத் தலைகால் புரியவில்லை. திருட்டு டைல்ஸ்காரன்! ஆறு மாதமாக மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேர்வழியின் வண்டவாளம் இதோ கையில் இருக்கிறது. இன்றைக்கே எல்லார் முன்னாலும் உடைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் சகலையின் மீனைப் பற்றிச் சொன்னால், தன் ஆணியில் எதை மாட்டுவது? ஒரு நிமிடம் யோசித்தார். சகலை நல்ல மனிதர்தான் என்று முடிவுக்கு வந்தார்.

போனைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மீனை நெஞ்சோடு ஏந்தி நின்றார். விரல் பட்ட இடத்தில் மீன் 'டொக்' என்றது. எதற்கென்று தெரியாமல் அந்த உடைந்த முன்பல் கூசியது.

"சிரிங்க சார்."

சிரிப்பு வரவில்லை.

"மனசு ஒப்பலைங்க," என்றார் கமா. "எங்க மாமா நேர்மை நேர்மைன்னு உயிரை விடறவர். பாவம், அவரைப் போய் ஏமாத்தறோமே."

படகுக்காரர் போனைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும், மீனை இறுக்கிப் பிடிங்க சார். இன்னொரு தடவை விழுந்தா வாத்தியார் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். அவரோட மாமனாருக்குக் காட்டறதுக்குன்னு மூணு மாசம் உக்காந்து அவர் கையாலயே செதுக்கின மீன் இது."