பதுளையில் என் கால் குணமான விதம்

பதுளை,
12.11.2003

அன்பு மகன் பார்த்தீபனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்தைப் போன கிழமை உன் வாயாலேயே கேட்டுவிட்டபடியால் அதை விசாரிக்கும் வேலை இம்முறை இல்லை.

ரொறன்ரோவில் தொலைக்காட்சியில் நீ பார்த்தது முழுப் பொய். என் கால் ஏலாமல் இருந்ததே இல்லை. நீ போனில் அழுதபடியால் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பின்வளவில் குடியிருக்கும் கணபதியின் மனைவி வேலாயி, டைட்டஸ் மனுவேல் என்ற அந்தப் போதகரின் பேச்சைத் தொலைக்காட்சியில் கேட்டு, கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பும் என்று நம்பி, போன வருஷம் தன் தோட்டைக் கழற்றிக் காணிக்கை போட்டுவிட்டாள். ஒன்றும் திரும்பவில்லை. கொழும்பில் அவருக்கு நீச்சல்குளத்தோடு மாளிகை இருப்பதைப் பத்திரிகைக்காரர் எழுதியபோது, "ராஜாவுடைய பிள்ளை லயத்திலா இருப்பான்?" என்று திருப்பிக் கேட்டவர் அவர். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த வேலாயி அதற்கும் ஆமென் சொன்னாளாம். கணபதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. போதகர் ஜெபக் கூட்டம் நடத்த ஹெலிகொப்டரில் பதுளைக்கு வந்து இறங்கிய அன்று என் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, நீங்க கவர்மெண்டு கச்சேரியில கிளாக்கரா இருந்தவங்க. நீங்க கேட்டா தோட்டைக் குடுத்துருவாரு. வாங்க."

நான் சைவக்காரன், எனக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அம்மா போன பிறகு என்னை ஒருவரும் ஓரிடத்துக்கும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

மேடைக்குப் போகிற வரிசை எது என்று கேட்டேன், காட்டினார்கள், நின்றேன், முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் நொண்டுகிறார்களே என்று யோசித்தேனே தவிர அது குணமாகிறவர்களின் வரிசை என்று விளங்கவில்லை, மேடையேறி "ஒரு தோடு விஷயமாக" என்று தொடங்கமுன் அந்த மனுசன் நான் ஊன்றி நின்ற குடையைப் பிடுங்கிச் சனத்துக்குள் எறிந்து, நட என்றார். நடந்தேன். வேறென்ன செய்ய, இறங்கும் படி அந்தப் பக்கம்தான் இருந்தது. சனம் எழும்பி ஆர்ப்பரித்தது. கமராக்காரன் பின்னாலேயே ஓடி வந்தான். குடை கிடைக்கவில்லை. நல்ல மழை.

வீட்டுக்கு வந்தால் வேலாயி கும்பிடுகிறாள். "என் தோடுதாங்கய்யா ஒங்க காலா திரும்பி வந்திருக்கு." இனித் தோட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று கணபதிக்குக் கட்டளையும் போட்டுவிட்டாள். அவன் இப்போது என்னோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே ஆள்.

பிறகுதான் உன் போன். "அப்பா, கால் ஏலாமல் இருந்ததை ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஆர் உங்களைப் பாத்தது?" என்றாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். போன் அட்டையில் காசு முடியும்வரை நீ வைக்கவில்லை. சாப்பாடு, குளிர், நித்திரை எல்லாம் விசாரித்தாய். இப்ப பரவாயில்லை மகன் என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே நீ மனம் வருந்தாதே. அந்த மனுசனுக்கு நன்றிக் காணிக்கை ஒன்றும் அனுப்பிவிடாதே. மருமகளும் பிள்ளைகளும் குளிருக்குக் கவனமாக இருக்கட்டும். கதிர்காமத்தான் அவ்வளவு தூரத்திலும் உங்களைப் பார்த்துக்கொள்வான்.

இரண்டு காலும் திடமாக உள்ள அப்பா,
செல்வரத்தினம்

பி.கு.: இதை எழுதி முடித்து எழும்பும்போது இடது முழங்கால் கொஞ்சம் பிடித்தமாதிரி இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாயென்றால் விவரமாகச் சொல்லலாம்.